தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கலாமா? ஜாமீனில் இருந்தால்?

பாலாற்றங்கரை கேட்டது:

காட்பாடித் தொகுதியில் சுயேச்சையாக நிற்க நினைக்கும் ஒருவருக்கு அடிதடி வழக்கில் 3 ஆண்டு தண்டனை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது, ஆள் ஜாமீனில் வெளியே. "தண்டனையை நிறுத்தி வெச்சாச்சு, தாராளமா நிக்கலாம்" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "ஒரு தடவை தண்டனை வாங்கினா ஆயுசுக்கும் நிக்கக் கூடாது" என்கிறது இன்னொரு தரப்பு. சட்டம் என்ன சொல்கிறது? நியாயம் எது? சாதாரண வாக்காளர் இதில் என்ன செய்ய முடியும்?

சத்துவாச்சாரி வக்கீல்:

அவர் நிற்க முடியாது. ஜாமீன் வேறு, குற்றத் தீர்ப்புக்குத் தடை வேறு. எல்லாரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மேல்முறையீட்டில் சாதாரணமாகக் கிடைப்பது தண்டனை நிறுத்திவைப்பு. சிறைக்குப் போகாமல் இருக்க அது போதும், வேட்புமனுவுக்குப் போதாது. "குற்றவாளி" என்ற தீர்ப்பையே நிறுத்திவைத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியாக உத்தரவு போட்டிருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 389-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 430.

தமிழ்நாட்டிலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. டான்சி நில வழக்கில் 2000-ல் தண்டிக்கப்பட்ட ஜெயலலிதாவுக்கு தண்டனை நிறுத்திவைப்பு கிடைத்தது, தீர்ப்புக்குத் தடை கிடைக்கவில்லை. 2001-ல் 4 தொகுதிகளிலும் அவருடைய மனு தள்ளுபடி ஆனது. தேர்தலில் நிற்காமலே முதல்வரானதும் செல்லாது என்று அதே ஆண்டு செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் டிசம்பரில் அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்று அமைச்சர் பதவியை இழந்த பொன்முடிக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே நிறுத்திவைத்தது, பதவி திரும்பியது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, 8-வது பிரிவின் கணக்கு இது. எந்தக் குற்றமானாலும் 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்றால், தீர்ப்பு நாளிலிருந்து தகுதியிழப்பு. தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகும் இன்னும் 6 ஆண்டு அது ஓடும். ஜாமீனில் வந்த நாளை "விடுதலை" என்று வைத்து 6 ஆண்டை எண்ணுவது தப்பு. உணவுக் கலப்படம், வரதட்சணைத் தடைச் சட்டம் போன்றவற்றுக்கு 6 மாதச் சிறையே போதும். 8(1)-ல் பட்டியலிட்ட குற்றங்களுக்கு வெறும் அபராதம் விதித்தாலும் 6 ஆண்டு போச்சு. ஊழல் தடுப்புச் சட்டம், தீண்டாமைக் குற்றங்கள் இந்தப் பட்டியலில் உண்டு. ஓட்டுக்குப் பணம் கொடுத்ததும் உண்டு. பணப் பறிமுதலுக்குப் பிறகு 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் ஓட்டுப் போட்ட வேலூர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: ஒரே தீர்ப்பில் பல பிரிவுகளுக்குத் தனித்தனித் தண்டனை விதித்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொன்னால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 2 ஆண்டுக்குக் கீழே என்று வாதாட முடியாது. 2005-ல் கே. பிரபாகரன் எதிர் பி. ஜெயராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது. எல்லாம் ஏக காலத்தில் என்றால் கூட்ட மாட்டார்கள். அதனால் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

குடியாத்தம் நெசவு:

வக்கீல் சார் சொன்னது தகுதி. நிலுவை வழக்கோ சின்னத் தண்டனையோ உள்ளவர் நிற்கலாம், ஆனால் மறைக்க முடியாது. வாக்காளருக்குக் கைகொடுப்பது படிவம் 26 பிரமாணப் பத்திரம். 5-வது பத்தியில் நிலுவை வழக்குகள் வரும்: எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், நீதிமன்ற வழக்கு எண், சட்டப் பிரிவு, குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்தத் தேதியில் என்று. 6-வது பத்தியில் தண்டனைகள். பெட்டி கேஸ் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதும் தண்டனைதான், அதையும் எழுத வேண்டும். நிறையப் பேர் விடுவது அதைத்தான்.

கட்டத்தை வெறுமனே விடக் கூடாது, "இல்லை" என்றாவது எழுத வேண்டும். நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். ஆனால் பொய்யாக நிரப்பினால் தேர்தல் நடத்தும் அலுவலர் அதற்காக மனுவைத் தள்ள மாட்டார். அதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வழக்கு உள்ளவர் அதை சி-1 படிவத்தில், மனு வாபஸ் முடிந்ததிலிருந்து பிரசாரம் முடிவதற்குள் 3 தடவை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும். முதல் 4 நாளில் ஒன்று, 5 முதல் 8-வது நாளுக்குள் ஒன்று, 9-வது நாளிலிருந்து ஒன்று. கட்சி நிறுத்தினால், வழக்கு இல்லாத வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்தில் கட்சியும் வெளியிட வேண்டும். "ஜெயிக்கக் கூடியவர்" என்பது காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். இறக்கி, வழக்கு எண்ணை நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

தொரப்பாடி ரோடு:

நியாயம் எது என்று கேட்டீர்களே. ஆயுள் தடை வேண்டும் என்பவர்களின் வாதம் வலுவானதுதான். தண்டனை பெற்ற அரசு ஊழியரை விசாரணை நடத்தாமலே நீக்க அரசியல் சாசனம் இடம் தருகிறது, சட்டம் போடுபவருக்கு மட்டும் 6 ஆண்டில் கணக்குத் தீர்கிறதே என்பார்கள். லஞ்சத்துக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆயுள் தடை போட்டால் எனக்கும் சம்மதம். எல்லாத் தண்டனைக்கும் என்றால் சம்மதம் இல்லை. ராஜாஜி 1921 டிசம்பரில் 3 மாதத் தண்டனையோடு இதே வேலூர் ஜெயிலுக்குள் போனவர், 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். தோல் கழிவு பாலாற்றில் கலக்கிறது என்று மறியல் செய்பவர் மேலும் வழக்கு விழும். அவரையும் லஞ்சம் வாங்கியவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது தாமதத்தை. தகுதியிழப்பு தீர்ப்புக்குப் பிறகுதான் வரும். வாய்தா வாங்கியே பத்து வருஷம் ஓட்டினால் அதற்குள் இரண்டு தேர்தலில் நின்றுவிடலாம். 6 ஆண்டா ஆயுளா என்ற சண்டையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பாலாற்றங்கரை:

நன்றி. தீர்ப்பு நகலைக் காட்டி ஆட்சேபிக்க வேண்டுமென்றால் வேட்புமனுப் பரிசீலனை நடக்கும் அறைக்குள் நாமே போகலாமா?

சத்துவாச்சாரி வக்கீல்:

முடியாதுங்க. வேட்பாளர், அவருடைய தேர்தல் முகவர், ஒரு முன்மொழிபவர், எழுத்தில் அதிகாரம் கொடுத்த இன்னொருவர், இவ்வளவு பேருக்குத்தான் அனுமதி. எதிர்த்து நிற்கும் வேட்பாளர் யாரிடமாவது நகலைக் கொடுங்கள், அலுவலருக்கும் முன்கூட்டியே எழுத்தில் ஒன்று கொடுங்கள். ஜெராக்ஸ் செல்லாது, சான்றிட்ட நகல் வேண்டும். நீதிமன்ற நகல் பிரிவில் உடனே கிடைக்காது, தேர்தல் தேதி அறிவித்த அன்றே விண்ணப்பியுங்கள். ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல மனு போட்டவருக்குப் பரிசீலனை நாளுக்கு அடுத்த இரண்டாம் நாள் வரை அவகாசம் தரலாம். அதற்குள் தீர்ப்புக்குத் தடை வாங்கி வந்தால் என்ன என்று கேட்பீர்கள். தகுதியைப் பார்ப்பது பரிசீலனைக்குக் குறித்த நாளை வைத்துத்தான், அதற்குப் பிறகு வாங்கிய தடை உதவாது.