மாடி ரவுட்டர்ல வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா நெட் வரல

கேள்வி:
வணக்கம். கீழ இருக்குற மெயின் ரவுட்டர்ல நெட் நல்லா வருது. மாடிக்கு சிக்னல் எட்டலன்னு பழைய ரவுட்டர் ஒண்ண மேல வெச்சு, கீழருந்து கேபிள் இழுத்து அதோட வேன் போர்ட்ல (WAN, வெளியருந்து நெட் வர்ற ஓட்டை) சொருகியிருக்கேன். மேல ஃபுல் சிக்னல் காட்டுது, பாஸ்வேர்ட் போட்டா கனெக்டும் ஆகுது, ஆனா போன், லேப்டாப் எதுலயும் இன்டர்நெட் இல்லன்னு வருது. ரெண்டையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, அப்படியேதான் இருக்கு. பொண்ணோட ஆன்லைன் கிளாஸ் மாடி ரூம்லதான், கொஞ்சம் வழி சொல்லுங்க.

பதில் 1:
ரெண்டு ரவுட்டரையும் ரீசெட் அடிச்சு முதல்லருந்து செட் பண்ணுங்க.

பதில் 2:
மெயின் ரவுட்டர ரீசெட் பண்ணிடாதீங்க! நெட் கம்பெனி லைனுக்கு லாகின் பண்ற பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட் அதுல போட்டிருந்தா அதுவும் அழிஞ்சு கீழயும் நெட் போயிடும். கீழ ஓடுதுன்னாலே லைன்ல கோளாறு இல்ல. மேல கனெக்ட் பண்ணிட்டு லேப்டாப் கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிச்சு ஐபி (லேப்டாப்போட நெட்வொர்க் அட்ரஸ்), டிஃபால்ட் கேட்வே (வெளிய போற வழியான ரவுட்டரோட அட்ரஸ்) ரெண்டையும் இங்க போடுங்க. ஐபி 169.254ன்னு ஆரம்பிச்சா ரவுட்டர் ஐபியே குடுக்கல, லேப்டாப் தானா ஒண்ணு போட்டுக்கிச்சுன்னு அர்த்தம். கூகுளோட 8.8.8.8க்கு பிங் (பதில் வருதான்னு பாக்குற கமாண்ட்) போயி வெப்சைட் மட்டும் திறக்கலன்னா வெப்சைட் பேர ஐபியா மாத்துற டிஎன்எஸ்ஸ பாக்கணும்.

கேட்டவர்:
மேல ஐபி 192.168.1.103, கேட்வே 192.168.1.1. பிங் போகல. கீழ பாத்தாலும் கேட்வே அதே 192.168.1.1தான் சார்.

பதில் 2:
அங்கதான் சிக்கல். ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே அட்ரஸ். மாடி ரவுட்டருக்கு வேன் பக்கமும் 192.168.1, உள்பக்கமும் 192.168.1, அப்ப வெளிய போக வேண்டியத எந்தப் பக்கம் தள்றதுன்னு அதுக்குத் தெரியாது. கேபிள கழட்டிட்டு லேப்டாப்ப மாடி ரவுட்டர்ல மட்டும் கனெக்ட் பண்ணி, பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சு அதோட செட்டிங்ஸ் உள்ள போங்க, லேன் (LAN, வீட்டு நெட்வொர்க்) பக்க ஐபிய 192.168.1.2ன்னு மாத்தி சேவ் பண்ணுங்க, அப்புறம் 192.168.1.2ல திரும்ப லாகின் பண்ணி டிஎச்சிபிய (போன், லேப்டாப்புக்கு தானா ஐபி குடுக்குறது) ஆஃப் பண்ணுங்க. இந்த வரிசை முக்கியம், டிஎச்சிபிய முதல்ல நிறுத்திட்டா லேப்டாப்புக்கு ஐபி கிடைக்காம திரும்ப உள்ள போறது கஷ்டம். கடைசியா கீழருந்து வர்ற கேபிள வேன்ல இல்லாம லேன் போர்ட் ஒண்ணுல சொருகுங்க. மெயின் ரவுட்டரோட டிஎச்சிபி ரேஞ்சுல 192.168.1.2 வராம இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்கங்க.

பதில் 3:
வேன்லயே விட்டுட்டு மாடி ரவுட்டர் லேன் ஐபிய 192.168.5.1ன்னு மாத்தினாலும் நெட் வரும். ஆனா டபுள் நேட் (ரெண்டு ரவுட்டரும் தனித்தனியா அட்ரஸ் மாத்தி அனுப்புறது) ஆயிடும், மேல இருக்குற பிரிண்டர், டிவி எல்லாம் கீழ இருக்குற போனுக்குத் தெரியாது. அதனால பதில் 2ல சொன்ன வழிதான் நல்லது.

கேட்டவர்:
பண்ணிட்டேன், நெட் வந்துடுச்சு! போன்ல உடனே வந்துச்சு, லேப்டாப்ல மட்டும் பழைய ஐபியே நின்னுச்சு, வைஃபைய ஃபர்கெட் குடுத்து திரும்ப கனெக்ட் பண்ணதும் சரியாயிடுச்சு. பொண்ணு இப்ப மேல கிளாஸ்ல இருக்கா. ரொம்ப நன்றி சார்.