கலைச்சொல் வேண்டுதல்: கையில் இருந்தும் பயன்படுத்தாமல் விட்ட துணைப்பாத்திரத்துக்கு என்ன சொல்?

[அஸ்தம்பட்டி, திங்கள் காலை]

அவையோர்க்கு வணக்கம்.

காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான அனிமேஷன் திரைக்கதைப் பாடக்குறிப்பு, வியாழன் மாலைக்குள் செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றச் சொற்களெல்லாம் முடிந்துவிட்டன. ‘அண்டர்யூஸ்டு சப்போர்ட்டிங் கேரக்டர்’ ஒன்றுதான் நிற்கிறது.

சிறு வேடம் வேறு, இது வேறு. பாடத்தில் எடுத்துக்காட்டாக வருவது 1973இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்கப்பல் கதையின் அனிமேஷன் தொடர். ஃபிலிமேஷன் நிறுவனம் 22 பகுதிகள் எடுத்தது. பட்ஜெட் போதாமல், நடிகர்கள் நடித்த முந்தைய தொடரில் கப்பலுக்கு வழிகாட்டிய செக்கோவை விட்டுவிட்டு, அந்த இருக்கையில் ஏரெக்ஸ் என்ற மூன்று கை, மூன்று கால் வேற்றுக்கோளினரை உட்கார வைத்தார்கள். தகவல் தொடர்புப் பலகைக்கு ம்ரெஸ் என்ற பூனை முகப் பெண் வந்தார். நடிகர்களை வைத்து அந்தக் காலத்தில் எடுத்திருக்கவே முடியாத இரண்டு உருவங்கள். ஆனால் வரைந்து முடித்த பிறகு, பெரும்பாலும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டதற்குப் பதில் சொல்வதோடு அவர்கள் வேலை தீர்ந்துவிடுகிறது.

ஆகவே சொல்லுக்குள் மூன்று பொருள் அடங்க வேண்டும். பாத்திரம் துணைநிலையில் இருப்பது. அதற்கு ஒரு திறன் உண்டு என்று கதையே காட்டியிருப்பது. அந்தத் திறன் தேவைப்படும் இடத்தில் அதைக் கூப்பிடாமல் விட்டது. ‘முக்கியத்துவமற்ற பாத்திரம்’ என்று போன ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. அது குற்றத்தைப் பாத்திரத்தின் தலையில் கட்டுகிறது. குற்றம் எழுதியவருடையது.

[ஏற்காடு, திங்கள் மாலை]

அம்மா, புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் இதற்கு இடம் வைத்திருக்கிறார். களவில், அதாவது மணத்துக்கு முந்தைய காதலில், பேச உரியவர் யார், கற்பில், அதாவது மணவாழ்வில், யார் என்று வரிசைப்படுத்திவிட்டு, பேச்சே இல்லாதவர்களையும் சொல்கிறார்:

“ஊரும் அயலும் சேரி யோரும்
நோய்மருங்கு அறிநரும் தந்தையும் தன்னையும்
கொண்டெடுத்து மொழியப் படுதல் அல்லது
கூற்றுஅவண் இன்மை யாப்புறத் தோன்றும்”

தந்தை இருக்கிறார், தமையன் இருக்கிறான், ஊரே இருக்கிறது. ஆனால் அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொல்லலாமே தவிர அவர்களுக்கு நேர்க்கூற்று இல்லை. ஏரெக்ஸின் நிலை இதுதான். ‘கூற்றிலி’ என்று வைப்போம். உறவிலி, பொறியிலி என்ற வாய்பாட்டில் அமைந்த சொல். ஒருமையும் பன்மையும் தொல்லை தராது.

[ஆத்தூர், செவ்வாய் காலை]

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நூற்பா அருமை, சொல் பொருந்தவில்லை. அப்பர் தேவாரம் ‘கூற்றாயினவாறு விலக்ககலீர்’ என்று தொடங்குவது தமிழ்நாட்டில் ஓதுவாரல்லாதவர் காதிலும் விழுந்திருக்கிறது. கூற்று என்றால் எமன். கூற்றிலி என்றால் சாவில்லாதவன் என்றுதான் முதலில் படும். அறிவியல் புனைவுத் தொடரில் சாவில்லாதவர்கள் நிறைய வருவார்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். சொல்லைக் கூறுபடுத்து என்னும் ‘கூறு’ அடியா, பேசு என்னும் ‘கூறு’ அடியா என்பதும் தனி வழக்கு. உயிரையும் உடலையும் கூறாக்குவதால் கூற்று என்பது ஒரு விளக்கம். பேசுவதும் கருத்தைக் கூறு கூறாக்கிச் சொல்வதே என்று கொண்டால் இரண்டும் ஒரே வேரில் போய் நிற்கும். இதை விரிவாக எழுத வேண்டும், இப்போது நேரமில்லை.

இன்னொன்று. ‘பாத்திரம்’ வேண்டாம். தனித்தமிழ் அறிஞர் பாவாணர் 1944 முதல் 1956 வரை கல்லூரியில் தமிழ் கற்பித்த ஊர் சேலம். இங்கிருந்து வெளிவரும் பாடக்குறிப்பில் ‘மாந்தர்’ என்று எழுத நாம் தயங்கக் கூடாது. என் பரிந்துரை: பயன்குறை மாந்தர்.

[அம்மாபேட்டை, செவ்வாய் இரவு]

டீச்சருக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம். ரிக் செய்கிற ஆள், அதாவது வரைந்த உருவத்தை அசைக்கத் தயார் செய்கிற ஆள், என்ற முறையில் சொல்கிறேன்.

‘பயன்குறை’ என்று ஒரு பையன் படித்தால் ‘பயன் குறைந்தவர்’ என்று எடுத்துக்கொள்வான். டீச்சர் வேண்டாம் என்று சொன்ன அதே தப்பு. குறைந்தது பயன் இல்லை, பயன்படுத்தியது.

ஒரு பாத்திரம் ஃப்ரேமுக்குள் வருவதற்கு முன் என்னென்ன செலவாகியிருக்கிறது என்று பாருங்கள். டர்ன் அரவுண்டு, அதாவது உருவத்தைச் சுற்றிலும் பார்த்து வரைந்த படங்கள்: முன், முன் முக்கால், பக்கம், பின் முக்கால், பின். அதற்கு மேல் முகபாவ அட்டை, கை வடிவங்கள், பேச்சுக்கு வாயசைக்க (லிப் சிங்) ஏழெட்டு வாய் வடிவம், நடை, திரும்பல். இவ்வளவும் செய்து வைத்துவிட்டுக் கூப்பிடாமல் இருந்தால், அது தயாரிப்புக் கணக்கிலேயே நஷ்டம். ஏரெக்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 12 படம். இரண்டு கால் நடைக்கு ஒரு சுழற்சி வரைந்துவிட்டால் எல்லா மனித உருவத்துக்கும் கொஞ்சம் மாற்றி ஓட்டலாம். ஃபிலிமேஷன் பிழைத்ததே இப்படி முன்பே வரைந்து வைத்த இருப்பிலிருந்து எடுத்து ஓட்டித்தான். மூன்று கால் நடைக்கு அந்த இருப்பு உதவாது. எந்தக் கால் எப்போது எடை தாங்குகிறது என்று முதலிலிருந்து போட வேண்டும். தப்பினால் நடுக்கால் தரையில் வழுக்கும். உட்கார வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை. டீச்சர் இதையும் குறிப்பில் சேர்க்கலாம். எழுதுகிறவர் மறந்ததால் மட்டும் பாத்திரம் ஒதுங்குவதில்லை, வரைகிறவர் கை வலிக்கும் என்பதாலும் ஒதுங்கும்.

குரலும் ஒரு காரணம். கப்பலின் பொறியாளர் ஸ்காட்டிக்கும் ஏரெக்ஸுக்கும் குரல் ஜேம்ஸ் டூஹன்தான். ம்ரெஸுக்கும் நர்ஸ் சேப்பலுக்கும் மேஜல் பேரட்தான். தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவுக்கும் கப்பலோட்டி சுலுவுக்கும்கூட இவர்களையே பேச வைக்கத்தான் முதலில் திட்டம். முந்தைய தொடரில் அந்த வேடங்களில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸும் ஜார்ஜ் டக்கேயும் இல்லாவிட்டால் தானும் இல்லை என்று, ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய் சொன்ன பிறகே அந்த இருவரும் வந்தார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ஆபீஸில் கோப்பைத் தூக்கி ஓரமாக வைத்தால் என்ன சொல்கிறோம்? ‘கிடப்பில் போட்டுவிட்டார்கள்’. கோப்பு மேல் குற்றமில்லை, போட்டவர் மேல்தான். பேப்பரில் தினமும் வருகிற சொல். கிடப்பு மாந்தர்.

[ஜாகீர் அம்மாபாளையம், புதன் காலை]

‘இலைமறை மாந்தர்’ என்றால் என்ன? இலைமறை காய் எல்லோருக்கும் தெரியும், காதுக்கும் இனிமை. துணைமாந்தர் என்று மட்டும் எழுதினால், துணை நடிகர் என்ற சொல்லின் நினைவில் கூட்டத்தில் நிற்பவர் என்றே மாணவர் எடுத்துக்கொள்வர். ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தைத் தொடங்கிய ஊர் இது. சினிமாச் சொல் இங்கே வீட்டுச் சொல்.

[ஓமலூர், புதன் நண்பகல்]

எல்லாரும் ‘மாந்தர்’ என்று முடிவுகட்டிவிட்டீர்கள். மூன்று கால் உடையவர் மாந்தரா? நன்னூல் ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்கிறது. ஏரெக்ஸ் இம்மூன்றில் எது? ‘ஃபியூச்சராமா’ போன்ற அனிமேஷன் தொடரில் எந்திரன் பெண்டர் வருகிறான். ‘வந்தான்’ என்பதா, ‘வந்தது’ என்பதா? திணை தெளியாமல் கலைச்சொல் ஆக்கினால் வினைமுற்றில் போய் இடிக்கும்.

[ஏற்காடு, புதன் மாலை]

ஓமலூர்த் தம்பி கேட்டது நல்ல கேள்வி. மரபியல் பார்க்க: ‘மக்கள் தாமே ஆறறிவு உயிரே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’. ஆறறிவு உடைய பிறவும் உண்டு என்று இடம் விட்டிருக்கிறார். உரைகாரர்கள் அங்கே வேறு பெயர்களைச் சொன்னார்கள். ஏரெக்ஸும் ம்ரெஸும் அந்த ‘பிறவும்’ என்பதற்குள் தாராளமாக அமர்வர். எந்திரனுக்கு உயிர் இல்லை. ஆனால் கதையில் பேசவும் வருந்தவும் செய்வதால், உயர்திணை போலச் சொல்லும் மரபில் அடக்கலாம்.

‘கிடப்பு’ எனக்கு உடன்பாடில்லை. கிட என்னும் அடியிலிருந்து கிடை, கிடக்கை, கிடங்கு எல்லாம் வருகின்றன. சங்க நூலில் கிடங்கு என்றால் அகழி. இன்று சரக்கு வைக்குமிடம். ஆட்டுக்கிடை கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. எதிலும் இழிவில்லை. திருமாலுக்கு நின்ற, இருந்த, கிடந்த என மூன்று கோலம்; திருவரங்கத்தில் கிடந்த கோலம். இத்தனை பெரிய சொல்லை அரசு அலுவலகச் சிவப்பு நாடாவுக்குள் சுருக்குவானேன்?

இலைமறை காய் என்பது வேண்டுமென்றே மறைத்துச் சுவை கூட்டுவது. அது உத்தி. நாம் பேசுவது பிழை.

[அம்மாபேட்டை, புதன் இரவு]

ஐயா கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ‘ஃபியூச்சராமா’வில் ஸ்க்ரஃபி என்ற துப்புரவாளர் எப்போதாவதுதான் வருவார், கூட வேலை செய்கிறவர்களுக்கே அவரை அடையாளம் தெரியாது. அந்த அளவுதான் அவருடைய வேலை, கூட்டினால் கெட்டுவிடும். அவர் கிடப்பு இல்லை. அதே தொடரில் எமி 1999இல் பொறியியல் மாணவியாக அறிமுகமாகிறார். முனைவர் பட்டம் 2010இல்தான் வருகிறது. நடுவில் எத்தனையோ எந்திரக் கோளாறு. அந்தத் தொடரில் வரும் பேராசிரியரைத்தான் கூப்பிடுகிறார்கள். கிடப்பு என்றால் இதுதான்.

மாணவர்களுக்குச் சோதனை ஒன்று கொடுங்கள் டீச்சர். பாத்திரத்தை எடுத்துவிட்டு, அதன் வசனத்தை வேறொருவர் வாயில் போடுங்கள். காட்சி மாறவில்லையென்றால் அங்கே அதற்கு வேலை இல்லை; அப்படிப்பட்ட காட்சிகள் முதல் பட்டியல். அடுத்து, அதன் திறன் தேவைப்பட்ட காட்சிகளில் யார் அந்த வேலையைச் செய்தார்கள் என்று குறியுங்கள்; இது இரண்டாவது பட்டியல். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால்தான் கிடப்பு. முதல் பட்டியல் மட்டும் இருந்தால் தேவையற்ற பாத்திரம், எடுத்துவிடலாம்.

திருத்தும்போது பசங்க செய்கிற தப்பு, அழுகை ஃப்ளாஷ்பேக் ஒன்று சேர்ப்பது. திரையில் நேரம் கூடும், வேலை கூடாது. இருக்கிற காட்சியில் ஒரு முடிவை எடுக்கும் உரிமையைக் கொடுக்கணும். ‘ஸ்டார் ட்ரெக்’ அனிமேஷன் தொடரின் ‘தி லோரலை சிக்னல்’ பகுதியில் ஆண்கள் வலுவிழந்ததும் உஹூரா கப்பலின் பொறுப்பை எடுக்கிறார். புதுப் பின்கதை எதுவும் தேவைப்படவில்லை. பிறகு அவரைப் பழையபடி பலகைக்கே அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

[ஆத்தூர், வியாழன் காலை]

சரி. ‘பயன்குறை’யை விட்டுவிடுகிறேன். ‘கிடப்பு’ வன்தொடர்க் குற்றியலுகரம். பின்னால் வல்லினம் வந்தால் மிகும். கிடப்புப் பாத்திரம், கிடப்புத் துணைமாந்தர். மாந்தர் என்றால் மிகாது. அச்சில் இது தவறினால் மன்னிக்க முடியாது.

[அஸ்தம்பட்டி, வியாழன் பிற்பகல்]

அனைவர்க்கும் நன்றி. அச்சுக்குப் போகும் வரையறை:

கிடப்பு மாந்தர்: தொடரில் பெயரும் பணியும் திறனும் நிறுவப்பட்டு, அத்திறன் வேண்டிய சூழல்களில் அழைக்கப்படாமல் விடப்பட்ட துணைமாந்தர். அளவோடு வைக்கப்பட்ட சிறுமாந்தரை இச்சொல் குறிக்காது.

அம்மாபேட்டைத் தம்பியின் சோதனையைப் பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன். செய்யுளியல் நூற்பா பெட்டிச் செய்தியாக வருகிறது. பெரும்பாலோர் விருப்பம் ‘கிடப்பு’ பக்கம் இருப்பதாக எடுத்துக்கொண்டேன். மறுப்பு இருந்தால் நான்கு மணிக்குள் எழுதுங்கள்.

[ஏற்காடு, வியாழன் இரவு]

மலையில் மின்சாரம் இல்லை; நான்கு மணி கடந்த பின்தான் பார்த்தேன். மறுப்பு இருக்கிறது. பேசவே விடப்படாதவர்க்கும், பேசியும் முடிவெடுக்க விடப்படாதவர்க்கும் இந்த ஒரு சொல் போதாது. முன்னவர்க்குக் கூற்றிலி, பின்னவர்க்கு வேண்டுமானால் கிடப்பு. ஆத்தூர் நண்பர் எமனைக் காட்டி அஞ்ச வைத்தார். ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ என்று பள்ளிப் பாடநூலில் படிக்கும் பிள்ளைகள் எவரும் எமனை நினைப்பதில்லை. அடுத்த பதிப்பில் இரண்டு சொல்லாகப் பிரிக்க வேண்டும் என்று கோருகிறேன். கூறு என்னும் வேர்பற்றி ஆத்தூராருக்குத் தனி மடல் எழுதுகிறேன்.