636001 பகா எண்தானா? சேலம் பின்கோடு பற்றி ஓர் ஐயம்

அஸ்தம்பட்டிக்காரர்:
சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடான 636001 பகா எண்ணா என்று என் மகள் கேட்டதிலிருந்து நோட்டும் பேனாவுமாக வகுத்துக்கொண்டிருக்கிறேன். நூறுக்குட்பட்ட 25 பகா எண்களாலும் வகுத்தாயிற்று. 53இல் மீதி வெறும் 1 என நின்று ஏமாற்றியது. நான்கால் வகுத்தால் மீதி 1 வருவதால், இது பகா எண்ணாக இருந்தால் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிய வேண்டும். இரண்டு பக்கம் தேடியும் அப்படியொரு இணை அமையவில்லை. வர்க்கமூலம் 797ஐச் சற்றே தாண்டுவதால் இன்னும் 114 பகா எண்கள் மீதமிருக்கின்றன. கணினியின்றிக் கையால் முடிக்கச் சுருக்கு வழி உண்டா?

மலைவாசி:
எங்கள் ஏற்காட்டின் 636601 உங்களை இவ்வளவு அலைக்கழித்திருக்காது. அது 7 × 199 × 457. அடிவாரத்திலேயே 7இடம் பிடிபட்டுவிடும்.

கணக்கு வாத்தியார்:
கீழிருந்து வகுப்பதை விட்டு, வர்க்கமூலத்திலிருந்து மேலே ஏறிப் பாருங்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1643இல் 2027651281 என்ற எண்ணை 44021 × 46061 என்று பிரித்தது இந்த வழியில்தான். 798இன் வர்க்கத்திலிருந்து 636001ஐக் கழித்தால் 803. அதனுடன் 1597, 1599, 1601 என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 2400, 3999, 5600 என அடுத்தடுத்த வித்தியாசங்கள் கிடைக்கும்; அவற்றில் ஒன்று முழு வர்க்கமாக அமைந்ததும் நிறுத்திவிடலாம். 2400ஐப் பார்த்ததும் கை பரபரக்கும், ஏனெனில் 49இன் வர்க்கத்துக்கு ஒன்றுதான் குறைவு. வர்க்க எண் 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியாது, 5இல் முடிந்தால் 25 என்றே முடியும் என்பன போன்ற விதிகளால் பெரும்பாலானவை பார்வையிலேயே கழிந்துவிடும். மூலம் எடுத்துப் பார்க்க வேண்டியவை 12024, 28224 இரண்டே. பின்னது 168இன் வர்க்கம். அப்போது நாம் நிற்பது 815இல். ஆகவே 636001 = (815 − 168) × (815 + 168) = 647 × 983. மொத்தம் 18 படிகள், ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைவிடக் குறைவு.

இரு வர்க்கங்கள் அமையாததற்கும் காரணம் இதுவே. 647, 983 இரண்டுமே நான்கால் வகுத்தால் மீதி 3 தருபவை. அத்தகைய பகாக் காரணி ஒரே முறை வந்தாலும் எண்ணை அப்படி எழுத முடியாது. தேடலைக் கடைசிவரை முடித்திருந்தால், இது பகா எண் அல்ல என்பதற்கு அதுவே நிரூபணமாகியிருக்கும்.

அஸ்தம்பட்டிக்காரர்:
மிக்க நன்றி ஐயா. அதே உற்சாகத்தில் எங்கள் பகுதியின் 636007ஐ எடுத்து நான்கு பக்கம் கூட்டிவிட்டேன். வர்க்கம் எதுவும் வரவில்லை. கூட்டலில் பிழையா?

கணக்கு வாத்தியார்:
பிழையில்லை, தயவுசெய்து நிறுத்துங்கள். அது 157 × 4051. காரணிகள் வெகு தொலைவில் இருப்பதால் நடுப்புள்ளி 2104க்குப் போய்விடுகிறது. 1307 படிகள் ஏற வேண்டும். இதற்கு உங்கள் பழைய வகுத்தல்தான் சரி: 97 வரை வந்த பின் இன்னும் 12 பகா எண்களில் முடிந்துவிடும்.