அப்பாவின் செவ்வரத்தை: உங்கள் வீட்டில் எந்தப் பூ?

உவர்மலைக்காரி:

தாய் தகப்பன் நினைவாக வளவில் பூமரம் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா வேலியோரம் ஒற்றைச் செவ்வரத்தை (செம்பருத்தி) வைத்திருந்தார். அடுக்குச் செவ்வரத்தை அவருக்குப் பிடிக்காது, "அது படத்துக்கு நிக்கிற பூ" என்பார். விடியப்புறம் பனையோலைப் பெட்டியோடு போய், மடித்த குடைபோல இதழ் சுருண்டிருக்கிற மொட்டாகப் பார்த்துப் பறிப்பார். திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோயிலில் காலைப் பூசை நடக்கிற நேரம் அது தானாக விரிந்துவிடும். அதனால் எங்கள் மரத்தில் பகலில் பூவை நான் கண்டதே குறைவு.

அப்பா போனதும் துடக்கு. துடக்கு வீட்டுப் பூ கோயிலுக்கு ஆகாது என்று பெரியம்மா மரத்துப் பக்கமே எங்களை விடவில்லை. அந்த 31 நாளும் அத்தனை பூவும் கொப்பிலேயே விரிந்து, பின்னேரம் திரும்பச் சுருண்டு, அடுத்த நாள் காம்போடு கழன்று விழுந்தன. தேன்சிட்டு வேறு வந்து குடியேறிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த சனமெல்லாம் "இந்த மரம் இப்பிடிப் பூக்குமோ?" என்று கேட்டது. எப்போதும் இப்படித்தான் பூத்தது, அப்பா விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான்.

துடக்குக் கழிக்கிற அந்தியேட்டிக் கிரியை ஊருக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்ற கதை இருப்பதால் எங்கள் பக்கத்துச் சனம் அங்கே போவது பழைய வழக்கம். ஏழு கிணறும் ஏழு சூடு. மறுநாள் விடிய அம்மா பெட்டியை என் கையில் தந்து, "நேரமாகுது, ஐயர் பாத்துக்கொண்டு நிப்பார்" என்றார்.

பிறகு அண்ணா வேலியை எடுத்து மதில் கட்ட வெளிக்கிட்டார். செவ்வரத்தை சரியாக அத்திவாரக் கோட்டில். அம்மா ஒரு கொப்பும் வெட்ட விடவில்லை. கடைசியில் மேசன்தான் கயிற்றை உள்ளே தள்ளிப் பிடித்தார். ஒன்றரை அடி காணி போனதென்று அண்ணா இன்னும் புறுபுறுக்கிறார். மரம் இப்போது மதிலுக்கு வெளியே. நான் எழும்ப முன்பே கோயிலுக்குப் போகிறவர்கள் பறித்துவிடுகிறார்கள். அம்மாவுக்குக் கோபம், எனக்கு இல்லை. போகவேண்டிய இடத்துக்குத்தானே போகிறது. ஆடி அமாவாசைக்கு மட்டும் முதல்நாள் இரவே அட்டையில் எழுதிக் கட்டிவிடுவோம்: "நாளைக்கு எங்களுக்கு வேணும்."

நிலாவெளி:

எங்கட அம்மாவை 2004 சுனாமி கொண்டுபோட்டுது. வளவில நிண்ட மல்லிகை, வாழை எல்லாம் உப்பில கருகி, கிணத்துத் தண்ணியும் வாயில வைக்க ஏலாமப் போச்சு. பிறகு மணலுக்குள்ள தானா முளைச்சு வந்தது பட்டிப்பூ (நித்தியகல்யாணி), அம்மா வச்ச அதே ஊதா. சுடலையில நிக்கிற பூ, வீட்டில வேணாம், பிடுங்கு எண்டு மாமி சொன்னா. நான் கேக்கேல்ல. வின்கிரிஸ்டின் எண்டு இரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற மருந்து இந்தச் செடியிலதான் எடுக்கிறது, அதையும் சொல்லிப் பாத்தன். "அப்ப ஆஸ்பத்திரியில நடட்டும்" எண்டுட்டா. சித்திராப் பறுவத்துக்கு விரதம் இருந்து அம்மாவின்ர படத்துக்கு அதைத்தான் வைக்கிறன். மாமி வந்தா கொஞ்சம் தள்ளி இருந்து சாப்பிடுவா.

லிங்கநகர் தம்பி:

அக்கா, மதிலுக்கு வெளியில நிக்கிற செவ்வரத்தையில ஒரு கொப்பு கிடைக்குமா? எங்கட அப்பாவும் காலையில அந்தக் கோயிலுக்குத்தான் போறவர், போன வருஷம் தவறிட்டார். வெளியில நிக்குதெண்டாலும் கேக்காம முறிக்க மனமில்லை.

உவர்மலைக்காரி:

தாராளமா எடுங்கோ தம்பி. ஆனா இப்ப கச்சான் காத்து, தடி நட்டா காஞ்சு போயிடும். ஐப்பசி மழை விழட்டும். பென்சில் மொத்தத்தில ஒரு சாண் தடி, கணுவுக்குக் கீழ சரிவா வெட்டுங்கோ, மேல ரெண்டு இலை போதும். இலைக்கு அடியில வெள்ளையாப் பூச்சி படிஞ்ச கொப்பு வேண்டாம். வாறதெண்டால் பின்னேரம் வாங்கோ. விடிய வந்தா, பூப் பறிக்க வாற ஆக்களோட சேர்த்து அம்மா உங்களையும் பேசிப்போடுவா.