20 மாதப் பையனோடு கப்பல் பயணம்: டயப்பர், வெந்நீர், நீச்சல் குளம்... யாராவது சொல்லுங்கள்

கோவை_அம்மா:
வணக்கம். பிப்ரவரியில் சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறோம். நான்கு இரவு, பினாங்கு, ஃபூகெட் போய்த் திரும்பும். நான், கணவர், மாமியார், 20 மாதப் பையன். டிக்கெட் போட்டபோது இருந்த குஷி இப்போது பாதிகூட இல்லை. நேற்று விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். டயப்பர் போடும் குழந்தைக்குக் குளத்தில் அனுமதி இல்லையாம்! இவன் வாளியில் தண்ணீர் பார்த்தாலே உள்ளே இறங்குகிற ஆள். கெட்டிலும் கொண்டுபோகக் கூடாதாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கேட்டால் என்ன செய்வது? மாமியார் வேறு, "வாந்தி வரும், அரை அவோமின் கொடுத்துடு" என்கிறார். கொடுக்கலாமா?

ரெட்டைவால்_அப்பா:
ஸ்விம் டயப்பர் போட்டாலும் குளத்தில் விடமாட்டார்கள். ஒரு குழந்தை அசிங்கம் செய்துவிட்டால் மொத்தக் குளத்தையும் மூடிச் சுத்தம் செய்ய வேண்டும். சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் இருக்கும், அங்கே மட்டும் ஸ்விம் டயப்பரோடு விடுவார்கள். உங்கள் கப்பலில் உண்டா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

தேக்கா_அக்கா:
முதலில் மருந்து விஷயம். அவோமின் வேண்டாம்மா. அதில் இருப்பது ப்ரோமெத்தசின். இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சு மந்தமாகிவிடும். அரை, கால் என்ற பேச்சே இல்லை. இந்த வயதுக் குழந்தைகளுக்குக் கடல் மயக்கம் வருவதே அபூர்வம். மாமியாருக்குத்தான் வரும், அவருக்கு டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலாயா என்று நடுவில் கிடப்பதால் பெரிதாக ஆட்டம் இருக்காது. அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெந்நீர்: கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி என்று சூடேறும் எதை வைத்தாலும் ஸ்கேனில் பிடித்துவிடுவார்கள், இறங்கும் நாளில்தான் கைக்கு வரும். நான் செய்தது இதுதான். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க், நல்லதாகப் பார்த்து. ராத்திரி சாப்பிட்டு வரும்போது பஃபே கூடத்தில் வெந்நீர் பிடித்துக்கொள்வேன். இரண்டு மணிக்குப் பால் பவுடர் கலக்க அது போதுமான சூட்டில் இருக்கும். குழந்தையின் வாயில் வைக்கும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

வீட்டில் சமைத்ததைக் கொண்டு ஏறினால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். கடையில் சீல் போட்டு வரும் அவல் பொடி, பால் பவுடர் என்றால் பிரச்சினை இல்லை. மறந்துவிட்டால் ஏறுவதற்கு முன் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் வாங்கிக்கொள்ளலாம். பஃபேயில் வெறும் சாதமும் தயிரும் இருந்தால் போதுமே, பிசைந்து ஊட்ட. காரம் போடாத பருப்பு வேண்டுமென்றால் முதல் நாள் இரவே சர்வரிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இது நான் பட்டது. ஏறும் இடத்தில் கப்பல்காரர்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டால், அவை அறைக்கு வரச் சாயங்காலம்கூட ஆகும். டயப்பர் எல்லாம் பெட்டிக்குள். பையனை என் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு கப்பலில் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று காட்டும் பாதுகாப்பு ஒத்திகைக்குப் போய் நின்றேன்! குறைந்தது ஐந்து டயப்பர், இரண்டு செட் துணி கைப்பையில் வையுங்கள். தொட்டில் கட்டில் வேண்டுமென்று இப்போதே சொல்லிவிடுங்கள். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட்டையும் அறைப் பணியாளரிடம் ஏறிய உடனே கேட்டு வாங்குங்கள்.

மதுரைக்காரன்:
விசாவைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வெளியே போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. மல்டிபிள் என்ட்ரி இல்லையென்றால் சிக்கல்.

பினாங்கு_வாசி:
சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் மாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. பையனுக்கு இட்லி அங்கேயே கிடைக்கும். டூர் எதுவும் வாங்காதீர்கள், வீண் செலவு. ஸ்ட்ரோலரைவிட இடுப்பில் தூக்கிக்கொள்வதே மேல், ஐந்தடி வழி என்கிற கடை முன் நடைபாதையெல்லாம் படியும் மோட்டார் சைக்கிளும்தான்.

ரெட்டைவால்_அப்பா:
ஃபூகெட்டில் பெரிய கப்பல்கள் பட்டோங்குக்கு அப்பால் நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் கரைக்கு அழைத்துப் போகும். ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும், வரிசையும் நீளம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் போன் தானாக மாறிவிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை_அம்மா:
அவோமின் பற்றி மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன், பேசாமல் இருக்கிறார். தண்ணீர் ஆட்டம்தான் இன்னும் தீரவில்லை. நாங்கள் போகிற கப்பலில் குழந்தைகளுக்கான தெளிப்பு இடம் இல்லையாம்.

தேக்கா_அக்கா:
காற்றடிக்கும் சின்னக் குளியல் தொட்டி ஒன்று வாங்குங்கள். ஷவர் அறைக்குள் வைத்து ஒரு குவளையும் கரண்டியும் கொடுத்துவிடுங்கள். வாங்கும் முன் ஷவர் அறைத் தரையின் அளவைக் கப்பல்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஷவர் அறை நம் வீட்டு பீரோ அளவுதான்.

கோவை_அம்மா (மார்ச்):
போய் வந்துவிட்டோம். தொட்டி ஷவருக்குள் மடிந்துதான் நுழைந்தது, பையன் அதற்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தான். பினாங்கில் ஒன்றரை இட்லி. வாந்தி எடுத்தது என் கணவர். ஃபூகெட்டில் படகு வரிசையைப் பார்த்துவிட்டு இறங்கவே இல்லை. அவன் தூங்கினான், மாமியாரும் நானும் பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடித்தோம்.