புதுப்பிப்பு: கேட்டலினாவில் திறக்காத பழைய படத்தொகுப்பு மென்பொருள்

மேக் கணினியின் இயங்குதளத்தை மொஹாவி பதிப்பிலிருந்து (10.14) கேட்டலினா பதிப்புக்கு (10.15) உயர்த்தியபின், ஒளிப்படங்களைத் திருத்தும் என் பழைய படத்தொகுப்பு மென்பொருள் திறக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன், காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. 2019-இல் வெளிவந்த கேட்டலினா 32-பிட் நிரல்களை (இன்றைய 64-பிட் முறைக்கு முந்தைய பழைய வகை நிரல்களை) அறவே இயக்காது. என் மென்பொருளின் முதன்மை நிரல் 64-பிட்டாக இருந்தபோதிலும், உரிமத்தைச் சரிபார்க்கும் துணை நிரல் 32-பிட்டாக இருந்ததால், அது தொடங்க முடியாமல் முழு மென்பொருளும் நின்றுவிட்டது. மீண்டும் மீண்டும் நிறுவியும் பயன் கிடைக்காதது இதனால்தான்.

சிலர் பரிந்துரைத்த மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கணினியில்) மொஹாவி இயங்கியது; ஆனால் வரைகலை முடுக்கம் (படம் வரையும் வேலையை வரைகலைச் சில்லு ஏற்றுச் செய்வது) இல்லாததால், பெரிய படங்களில் தூரிகையை இழுத்து முடித்த பிறகே கோடு தோன்றியது. நுணுக்கமான திருத்தத்துக்கு அது உதவாது.

இறுதியில் அதே வட்டில் ஏ.பி.எஃப்.எஸ். (ஆப்பிளின் கோப்பு முறைமை) தொகுதி ஒன்றை, அதாவது தனி வட்டுபோல் நடந்துகொள்ளும் பகுதி ஒன்றை, தனியாக உருவாக்கி மொஹாவியை நிறுவினேன். தொகுதிகள் காலியிடத்தைப் பகிர்ந்துகொள்வதால் வட்டை முன்கூட்டியே அளந்து பிரிக்க வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்தி வேண்டிய அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறேன். மென்பொருள் பழையபடி இயங்குகிறது. மொஹாவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால் அங்கே இணையத்தைத் துண்டித்தே வைத்திருக்கிறேன். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் (ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட புதிய மேக்குகளில்) மொஹாவியை நிறுவ இயலாது என்பதால், முக்கியமான படங்களை பிற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய 16-பிட் (ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட் கொண்ட) டிஃப் (TIFF) படக் கோப்புகளாகவும் சேமிக்கத் தொடங்கியுள்ளேன்.