கனடாவில் ஒர்க் பெர்மிட் நீட்டிப்புக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு

பெர்மிட் முடியப் போகிறது, நீட்டிப்புக்குப் போட்டாயிற்று, பதிலைக் காணோம், வேலைக்குப் போகலாமா? புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். போகலாம். பழைய பெர்மிட் காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்திருந்தால், கனடாவுக்குள் இருக்கும்வரை, முடிவு தெரியும் நாள்வரைக்கும் வேலை செய்யலாம். இதைத்தான் மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ் என்கிறார்கள். ஆனால் பழைய பெர்மிட்டின் நிபந்தனைகள் அப்படியே தொடரும், அதில் ஒரு முதலாளியின் பெயர் இருந்தால் அவரிடம் மட்டும்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி, பெர்மிட் முடிந்த மறுநாள் காலை பார்க்கிங்கில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று போன் செய்தான். பாவம், முதல் நாள் ராத்திரி தூங்கவே இல்லையாம். எச்ஆரிடம் முன்கூட்டியே பேசி, விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதத்தையும் பணம் கட்டிய ரசீதையும் கொடுத்து வைத்திருந்தால் அந்தத் தவிப்பே இருந்திருக்காது. வேலை செய்யலாம் என்று ஐஆர்சிசி, அதாவது கனடாவின் குடியேற்றத் துறை, அனுப்பும் கடிதத்தில் ஒரு தேதி போட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டியும் முடிவு வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம், அனுமதி தொடரும்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது டிக்கெட் போடும் விஷயத்தில்தான். ஊரில் தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று வரும், மனசு கேட்காது, எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இடைவெளியில் நாட்டைவிட்டு வெளியே போனால், திரும்பி வரும்போது உள்ளே விட்டாலும்கூட புது பெர்மிட் கைக்கு வரும்வரை வேலை செய்ய முடியாது, அதுவும் விசா முடிந்திருந்தால் திரும்பி வருவதே சிக்கல். போயே ஆக வேண்டுமென்றால் சில மாதச் சம்பளம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

ஸ்பாம் போல்டரைப் பாருங்கள், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் மெயில் அங்கே கிடக்கும். வீடு மாறினாலோ பாஸ்போர்ட் புதுப்பித்தாலோ ஐஆர்சிசி இணையதளத்தில் உள்ள வெப்ஃபார்மில் தெரிவியுங்கள். ரொம்ப நாள் ஆகியும் அசைவே இல்லையென்றால் 5 டாலர் கட்டி ஜிசிஎம்எஸ் நோட்ஸ், அதாவது உங்கள் கோப்பில் அதிகாரிகள் பதிந்து வைத்திருக்கும் குறிப்புகளை, கேளுங்கள், கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

ஒருவேளை நிராகரித்துவிட்டால் அன்றைக்கே வேலையை நிறுத்திவிடுங்கள், ஒரு ஷிப்ட்கூட வேண்டாம். ஸ்டேட்டஸை, அதாவது கனடாவில் சட்டப்படி தங்கும் தகுதியை, மீட்க விண்ணப்பிக்க 90 நாள் அவகாசம் உண்டு. கடிதத்தில் சொன்ன காரணத்தை நிதானமாகப் படித்துவிட்டு லைசென்ஸ் உள்ள கன்சல்டன்டிடமோ வக்கீலிடமோ போங்கள், வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒன்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு அந்த நாட்களைக் கரைத்துவிடாதீர்கள்.